அயர்ன் மெய்டன் பார்க்கப் போன ராத்திரி

2024 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை காலை. கிரைண்டரில் மாவு ஓடவிட்டுக் காபியோடு உட்காரும்போது ஆம்பூரிலிருந்து என் கல்லூரி நண்பன் போன் செய்தான். நானும் அவனும் வருஷத்துக்கு மூன்று நான்கு தடவைதான் பேசுவோம், அதற்கும் ஒரு கல்யாணமோ சாவோ பொங்கலோ காரணமாக இருக்கும். அன்றைக்கு நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. "மச்சி, நிக்கோ நிறுத்திட்டாரு" என்றான். அவ்வளவுதான். அப்புறம் ரெண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை, கிரைண்டர் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

நிக்கோ மெக்பிரெய்ன், இங்கிலாந்தின் அயர்ன் மெய்டன் என்ற ஹெவி மெட்டல் குழுவின், அதாவது வேகமும் சத்தமும் கூடிய ராக் இசைக் குழுவின் டிரம்மர். 1982 கடைசியில் அந்தக் குழுவில் சேர்ந்தவர், 42 வருஷம் அந்த இடத்தில் வேறு ஆள் உட்காரவில்லை. 2023 ஜனவரியில் பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்துபோய், அதிலிருந்து எழுந்து அதே வருஷம் மே மாதமே மறுபடி ஊர் ஊராக வாசிக்கக் கிளம்பிவிட்டார். ஆனால் பழைய வேகம் முழுசாகத் திரும்பவில்லை. கடைசியில் 72 வயதில், பிரேசிலின் சாவ் பாவ்லோவில் டிசம்பர் 7 நிகழ்ச்சியோடு சுற்றுப்பயணம் போதும் என்று அறிவித்துவிட்டார்.

மற்றவர்களுக்கு இது ஒரு வயதானவர் ஓய்வு பெற்ற செய்தி. எனக்கும் அவனுக்கும் அப்படி இல்லை. ஏன் என்று சொல்வதற்கு 2007 மார்ச் 17 பற்றி எழுத வேண்டும். இத்தனை வருஷமாக எழுதவேண்டும் என்று நினைத்து எழுதாமலே விட்டது அது.

நாங்கள் ரெண்டு பேரும் வேலூர்ப் பக்கத்தில் ஒரு கல்லூரி விடுதியில் ஒரே அறை. பத்தாவதுவரை, பன்னிரண்டாவதுவரை எல்லாம் தமிழ் வழிதான். மூன்றாம் ஆண்டு சீனியர் ஒருவர் விடுதியைக் காலி செய்யும்போது ஒரு அட்டைப் பெட்டி நிறைய கேசட்டுகளை எங்கள் அறையில் வைத்துவிட்டுப் போனார், திரும்பி வந்து எடுத்துக்கொள்ளவே இல்லை. அதில் மூன்று கேசட்டின் மேல் எலும்பும் தோலுமாக ஒரு உருவம் இருந்தது, அது அயர்ன் மெய்டனின் சின்னம், எட்டி என்று அதற்குப் பெயர் என்பதெல்லாம் பிற்பாடுதான் தெரியும். முதலில் போட்டுக் கேட்டபோது எனக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. கேசட்டுக்குள் மடித்து வைத்திருந்த தாளில் பாட்டு வரிகள் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தார்கள், அதை வைத்துக்கொண்டு ஒரு பழைய லிப்கோ அகராதியோடு உட்கார்ந்தேன். இங்கிலீஷ் பேப்பர் படிக்கப் பயந்தவன், பாட்டு வரியைப் படிக்க அகராதி புரட்டினேன். 1854இல் கிரைமியா போரில் பாலக்லாவா என்ற இடத்தில், யாரோ ஒரு அதிகாரி தவறாகப் புரிந்துகொண்ட உத்தரவால் பிரிட்டிஷ் குதிரைப்படை நேராகப் பீரங்கி வாயை நோக்கிப் போய்ச் சிதறியது என்பதை நான் படித்தது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. 'தி ட்ரூப்பர்' பாட்டைக் கேட்டுவிட்டு, இது என்ன சண்டை என்று கல்லூரி நூலகத்தில் தேடிப் படித்தேன்.

அவனுக்கு வரிகள் தேவைப்படவில்லை. அவன் கேட்டதெல்லாம் டிரம்ஸ். மெஸ் தட்டு, ஜன்னல் கம்பி, இரும்புக் கட்டில், எதிர்ப்பட்டதில் எல்லாம் தட்டுவான். ஒரு நாள் ராத்திரி என்னை எழுப்பி ஹெட்போனைக் காதில் மாட்டினான். 1983இல் வந்த ஆல்பத்தின் முதல் பாட்டு, 'வேர் ஈகிள்ஸ் டேர்', நிக்கோ இந்தக் குழுவோடு பதிவு செய்த முதல் ஆல்பம் அது. கிடார் இல்லை, குரல் இல்லை, எடுத்த எடுப்பில் டிரம்ஸ் மட்டும் ஒரு உருட்டு உருட்டிவிட்டு மற்றவர்களை உள்ளே விடும். "ஒரே காலு மச்சி" என்றான். எனக்குப் புரியவில்லை. மெட்டலில் அந்த வேகத்தில் வாசிக்கிறவர்கள் பலரும் பெரிய டிரம்மை அடிக்க ரெண்டு மிதியடி வைத்துக்கொண்டு ரெண்டு காலையும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். நிக்கோ ஒரே மிதியடியில், வலது கால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அந்த மும்மூன்று அடிகளைப் போடுகிறார். அதுவும் செருப்போ ஷூவோ இல்லாமல், வெறுங்காலில். இதை என் நண்பன் எங்கிருந்தோ படித்து வைத்திருந்தான். அன்றிலிருந்து அவனும் அறைக்குள் வெறுங்காலில் உட்கார்ந்துதான் கட்டிலை உதைப்பான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2001 ஜனவரி 19 அன்று பிரேசிலின் ராக் இன் ரியோ விழாவில் இவர்கள் வாசித்ததை ஆல்பமாக வெளியிட்டிருந்தார்கள். பாடகர் புரூஸ் டிக்கின்சன் 1993இல் விலகிப் போய் ஆறு வருஷம் கழித்துத் திரும்பியிருந்த காலம், எதிரே இரண்டரை லட்சம் பேர். பர்மா பஜாரிலிருந்து யாரோ வாங்கிவந்த எம்பி3 சிடியில் அது இருந்தது. அதில் 'ஃபியர் ஆஃப் தி டார்க்' ஆரம்பிக்கும்போது கிடார் வாசிக்கும் மெட்டை அந்த மொத்தக் கூட்டமும் கூடவே பாடும். வார்த்தை கிடையாது, வெறும் ஓ ஓ ஓ. நாங்கள் விளக்கை அணைத்துவிட்டு அந்த சிடியை வைத்து நாங்களும் கூடப் பாடுவோம், பக்கத்து அறையில் கதவைத் தட்டும்வரை. அந்த ஜனங்களில் நாங்களும் ரெண்டு பேர் என்று நினைத்துக்கொள்வதோடு சரி. நேரில் பார்க்கிற ஆசைகூட வந்ததில்லை, ஏனென்றால் அப்படி ஒரு வழி இருப்பதாகவே தோன்றியதில்லை. அவர்கள் லண்டனில் இருக்கிறார்கள், நாங்கள் காட்பாடி பக்கத்தில் இருக்கிறோம். நட்சத்திரத்தைப் பார்க்கிறவன் பஸ் பிடித்துப் போகலாமா என்று யோசிப்பானா?

அதனால் 2007 தொடக்கத்தில் ஆர்க்குட்டில் ஒருவர் பெங்களூர், பேலஸ் மைதானம், மார்ச் 17, எட்ஃபெஸ்ட் விழா, அயர்ன் மெய்டன் என்று எழுதியிருந்ததைப் பார்த்தபோது யாரோ கதை விடுகிறார்கள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அப்புறம் செய்தித்தாளிலேயே வந்தது. அயர்ன் மெய்டன் இந்தியாவுக்கு வருவது அதுதான் முதல் தடவை. நான் அப்போது சென்னையில், திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், அவன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில். டிக்கெட் காசு கிட்டத்தட்ட என் பங்கு அறை வாடகை அளவு இருந்தது. ரெண்டு டிக்கெட் வாங்கிவிட்டு அவனுக்குப் போன் செய்தேன், அவன் நம்பவில்லை, டிக்கெட் நம்பரை வாசிக்கச் சொன்னான். வாசித்தேன். மறுபடி வாசிக்கச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி சென்ட்ரலில் பெங்களூர் மெயில் ஏறினேன். அவன் காட்பாடியில் ஏறவேண்டும். பெட்டியில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், எனக்குத் தூக்கம் வரவில்லை. காட்பாடியில் வண்டி நின்றதும் கதவுக்குப் போய் நின்றேன், நடைமேடையில் கருப்பு டீ சட்டை போட்டுக்கொண்டு ஒருவன் எஸ் எட்டிலிருந்து எஸ் மூன்றுவரை ஓடிக்கொண்டிருந்தான். அந்த டீ சட்டையில் எட்டி உருவம், அவனே துணிக்குப் போடும் பெயிண்ட் வாங்கிவந்து தூரிகையால் வரைந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் கண் ரெண்டும் ஒரே அளவில் இல்லை, ஆனால் அந்த மைதானத்தில் அன்றைக்கு நான் பார்த்த டீ சட்டைகளில் அதுதான் எனக்குப் பிடித்தது. காசு கொடுத்து வாங்கியவர்களே ரெண்டு பேர் அதை நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

விடியற்காலை கன்டோன்மென்டில் இறங்கி, ஒரு தர்ஷினியில் நின்றபடியே இட்லி வடை சாப்பிட்டுவிட்டு, மைதானத்துக்கு நடந்தே போய்விட்டோம். கேட் திறக்க மத்தியானம் ஆகும் என்று தெரியும், ஆனாலும் வேறு எங்கே போவது. எங்களுக்கு முன்னாலேயே ஆட்கள் இருந்தார்கள். கவுகாத்தியிலிருந்து ரயிலில் ரெண்டரை நாள் உட்கார்ந்து வந்த மூன்று பையன்கள், திருச்சூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள், அம்மாவோடு வந்த ஒரு பெண். அந்த அம்மா நிழல் தேடி உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலும் எலுமிச்சை சாதமும் வைத்துக்கொண்டு, பசி என்று நின்ற எங்களுக்கெல்லாம் ஒரு கை கொடுத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு எல்லா ஆல்பமும் எந்த வருஷம் என்பது மனப்பாடம், எனக்குத் தெரியாத பாட்டெல்லாம் தெரிந்திருந்தது. அது எனக்கு ஒரு அதிர்ச்சியாகவே இருந்தது என்று சொல்லவேண்டும், அவள் பெண் என்பதால் இல்லை, என்னைத் தவிர, அவனைத் தவிர, இதெல்லாம் தெரிந்த ஒரு ஆளை நான் அதுவரை நேரில் சந்தித்ததே இல்லை. ஆறு வருஷமாக ரெண்டே பேர். இப்போது வரிசையில் முன்னால் பின்னால் எங்கே திரும்பினாலும் ஒருவர் நின்று, எனக்கு மிகப் பிடித்த பாட்டைத் தன் பாட்டு என்று பேசிக்கொண்டிருக்கிறார்.

நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு ஒருவர் பக்கத்தில் வந்தார். "நீங்கள் மெட்ராஸே?" என்று கேட்டார். கொழும்பு, வெள்ளவத்தை. முப்பது வயதிருக்கும். இதற்காகவே விமானம் ஏறி வந்திருந்தார். வீட்டில் வேலை விஷயம் என்று சொல்லிவிட்டு வந்தாராம். "அங்க இப்ப சனம் இருக்கிற நிலைமையில பாட்டுக் கேக்கப் போறன் எண்டு எப்பிடிச் சொல்லுறது" என்றார். 2007இல் அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றிக் கேட்கவில்லை, அவரும் மேலே சொல்லவில்லை. நிகழ்ச்சி முடியும்வரை எங்களோடே இருந்தார்.

கேட்டில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கினார்கள், பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள், சில்லறைக் காசைக்கூட எடுத்துக் கொட்டச் சொன்னார்கள். பாதுகாப்புக்காக என்றால் சரி, ஆனால் உள்ளே அத்தனை பேருக்கும் குடிக்க ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கலாம், வெளியே விற்கிற விலையைப்போல் பல மடங்குக்கு விற்றார்கள், அதுவும் மாலைக்குள் தீர்ந்துபோனது. மார்ச் வெயிலில், செம்மண் புழுதியில், எட்டு மணி நேரம் நிற்கப் போகிறவனிடமிருந்து தண்ணீரைப் பிடுங்கக் கூடாது. இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு அதில் கோபம் தீரவில்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு பையன் மயங்கி விழுந்தான், கவுகாத்திப் பையன்கள்தான் தலைக்கு மேலாகத் தூக்கி முன்னால் தடுப்புவரை கடத்திவிட்டார்கள்.

முதலில் டெல்லியிலிருந்து வந்த பரிக்ரமா. அவர்களில் ஒருவர் வயலின் வாசிப்பார், அது அந்த ஸ்பீக்கர்களில் வெட்டவெளியில் கேட்டபோது புல்லரித்தது. எங்கள் ஊர்ப் பையன்கள் அந்த மேடையில் நிற்கிறார்கள் என்ற சந்தோஷம் எல்லோருக்கும் இருந்தது, அதே வருஷம் ஜூனில் அவர்கள் இங்கிலாந்தின் டவுன்லோட் விழாவிலேயே போய் வாசித்தார்கள் என்று பிறகு படித்தபோது சொந்தக்காரன் ஜெயித்ததுபோல் இருந்தது. அடுத்து லாரன் ஹாரிஸ், பாஸ் கிடார் வாசிக்கும் ஸ்டீவ் ஹாரிஸின் மகள். நன்றாகத்தான் பாடினார், ஆனால் கூட்டம் அதற்குள் பொறுமை இழந்துவிட்டது, பாவம். பெற்றவர் இருக்கும் மேடையில் பெண் பாடும்போது கொஞ்சம் மரியாதையாகக் கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு நானும் கேட்கவில்லை.

இருட்டியது. ஸ்பீக்கரில் யுஎஃப்ஓ என்ற பழைய குழுவின் 'டாக்டர் டாக்டர்' பாட்டைப் போட்டார்கள். மெய்டன் நிகழ்ச்சிக்குப் போனவர்களுக்கும், போனவர்கள் எழுதியதைப் படித்தவர்களுக்கும் தெரியும், அந்தப் பாட்டு வந்தால் அடுத்து இவர்கள்தான். தெரிந்தவர்கள் கத்த ஆரம்பித்தார்கள், தெரியாதவர்கள் ஏன் என்று கேட்பதற்குள் மொத்த மைதானமும் கத்தியது. என் நண்பன் குனிந்து ஷூவைக் கழற்றினான். நான் என்னடா பண்றே என்றேன். ரெண்டு ஷூவின் கயிற்றையும் முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாலை மாதிரி மாட்டிக்கொண்டான். "அவரு வெறுங்கால்ல வாசிப்பாரு, நான் ஷூ போட்டுக்கினு கேக்கணுமா" என்றான். அந்த நெரிசலில், எல்லோரும் குதிக்கிற இடத்தில், ஷூ செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறவன் வெறுங்காலில் நின்றான்.

முதல் பாட்டு புது ஆல்பத்திலிருந்து. அந்தச் சுற்றில் புதுப் பாட்டுகள் நிறையவே வாசித்தார்கள், பழையது மட்டும் வேண்டும் என்று சிலர் சலித்துக்கொண்டார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. ஐம்பது வயதில் புதிதாக ஒன்று செய்து அதை முதலில் காட்ட நினைக்கிறவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் நேர்மையாகச் சொன்னால் முதல் ரெண்டு பாட்டு எனக்குக் காதிலேயே ஏறவில்லை. கண்தான் வேலை செய்தது. ஸ்டீவ் ஹாரிஸ் ஒரு காலை முன்னால் ஸ்பீக்கர்மேல் வைத்துக்கொண்டு பாஸ் கிடாரைத் துப்பாக்கி மாதிரி கூட்டத்தை நோக்கி நீட்டுகிறார், எத்தனை போட்டோவில் பார்த்தது, அது அப்படியே நடக்கிறது, அந்த மனிதர் வாயசைத்து எல்லா வரியையும் தானும் பாடிக்கொண்டே வாசிக்கிறார், ஜானிக் கெர்ஸ் கிடாரைத் தூக்கித் தோளைச் சுற்றிப் போடுகிறார், டிக்கின்சன் ஒரு இடத்தில் நிற்காமல் மேடை முழுக்க ஓடிக்கொண்டே மூச்சு வாங்காமல் பாடுகிறார். "ஸ்க்ரீம் ஃபார் மீ பெங்களூர்" என்று அவர் கத்தியதும்தான் காது திறந்தது. ஊர் ஊராக ஊர்ப்பேரை மாற்றி அவர் கத்துவது எனக்குத் தெரியும், ரியோ சிடியில் பிரேசில் என்று கத்துவார். அந்த இடத்தில் எங்களுக்குப் பக்கத்து ஊரின் பெயர் வருகிறது. என் நண்பன் என் கையைப் பிடித்து நகம் பதிய அழுத்தினான்.

'தி ட்ரூப்பர்' வந்தபோது டிக்கின்சன் வழக்கம்போல் சிவப்பு ராணுவக் கோட்டு போட்டுக்கொண்டு பிரிட்டனின் யூனியன் ஜாக் கொடியை வீசினார். நான் அகராதி வைத்துப் படித்த முதல் பாட்டு. கத்திப் பாடிக்கொண்டிருந்தவன் ஒரு நிமிஷம் நின்றுவிட்டேன். மைசூர் மகாராஜா வீட்டு நிலத்தில், திப்பு சண்டை போட்ட ராஜ்ஜியத்தில், அந்தச் சிவப்புக் கோட்டும் அந்தக் கொடியும். எங்களுக்கு முன்னால் ஒருவன் அதைப் பார்த்து ஊளையிட்டான், மற்றவர்கள் அவனை அடக்கினார்கள். ஆனால் அந்தப் பாட்டு கொடியைப் பற்றியது இல்லை என்பதும் எனக்குத் தெரியும். மேலே இருந்த எவனோ செய்த தவறுக்குச் சாகப் போகிற ஒரு சாதாரணக் குதிரை வீரன் பேசுகிற பாட்டு அது, அவன் செத்துக் கிடப்பதில்தான் முடியும். ரெண்டும் எனக்குள் ஒரே நேரத்தில் இருந்தது, இன்றைக்கும் அந்தப் பாட்டைக் கேட்டால் ரெண்டும் இருக்கிறது. பக்கத்தில் கொழும்புக்காரர் பாடவில்லை, குதிக்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு மேடையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பாட்டு முடிந்ததும் கை தட்டினார், நிறைய நேரம் தட்டினார்.

நடுவில் யாருக்கோ எஸ்எம்எஸ் வந்தது, சேவாக் அவுட். ஆமாம், அன்றைக்குத்தான் உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு முதல் ஆட்டம், டிரினிடாடில் வங்கதேசத்தோடு, நம் நேரத்துக்கு ராத்திரி ஏழு மணிக்கு ஆரம்பம். மற்ற எந்த நாளாக இருந்தாலும் அந்த மைதானத்தில் பாதிப் பேர் டிவி முன்னால் இருந்திருப்பார்கள். "அவுட்டா, சரி" என்று ஒருவர் சொன்னார், அத்தோடு எல்லோரும் மேடைப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

அப்புறம் அது வந்தது. விளக்கெல்லாம் நீலமாகி, கிடார் அந்த மெட்டை ஆரம்பித்தது. ரியோ சிடியில் முதல் சுற்றுக்குப் பிறகுதான் கூட்டம் நன்றாகச் சேரும், இங்கே முதல் சுரத்திலேயே எல்லோரும் ஆரம்பித்துவிட்டார்கள், இத்தனை வருஷமாக அவரவர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பழகியவர்கள் அல்லவா. எனக்கு இங்கிலீஷ் உச்சரிப்பில் எப்போதும் ஒரு தயக்கம் உண்டு, அன்றைக்குப் பகல் முழுக்கப் பெங்களூர்ப் பையன்கள் சரளமாகப் பேசும்போது நான் கொஞ்சம் ஒதுங்கியேதான் நின்றேன், பாட்டு வரிகளைப் பாடும்போதுகூடப் பக்கத்தில் கேட்குமோ என்று குரலை உள்ளே இழுத்துக்கொண்டேன். இந்த மெட்டில் வரி இல்லை. வார்த்தை இல்லை. கவுகாத்திப் பையன், திருச்சூர் ஆட்கள், அந்தப் பெண், எங்கோ பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா, வெள்ளவத்தைக்காரர், நான். டிக்கின்சன் மைக்கை இறக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார். நான் தொண்டை கிழியப் பாடினேன், பாடும்போதே அழுகை வந்துவிட்டது, துடைக்கக் கையை மேலே கொண்டுவர இடம் இல்லாத நெரிசல், அப்படியே விட்டுவிட்டேன்.

ஆனால் என் நண்பனுக்கு ஒரு பிரச்சினை. நிக்கோ தெரியவில்லை. மெய்டன் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம், அந்த டிரம்ஸ் அத்தனை பெரியது, முன்னால் வரிசையாக டாம் என்கிற டிரம்கள் உயரமாக நிற்கும், அவர் அதற்குப் பின்னால் தாழ்வாக உட்கார்ந்திருப்பார். நேர் எதிரே நின்றால் சிம்பல் என்கிற பித்தளைத் தட்டுகள் ஆடுவது தெரியும், ஆள் தெரியமாட்டார். அவன் குள்ளம் வேறு. முதல் பாட்டிலிருந்து எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். கவுகாத்திப் பையன்களில் உயரமானவன் இதைக் கவனித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் குனிந்து அவனைத் தோளில் தூக்கி உட்காரவைத்தான். ஒரு பாட்டு முழுக்க. கீழே இறங்கியதும் தெரிஞ்சாரா என்றேன். "கை மட்டும் மச்சி" என்றான். "ஒரு குச்சி மேல போச்சு. அதான்." ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. பெரிய டிரம்மின் சத்தம் நெஞ்சில் வந்து அடிப்பது எனக்கும் தெரிந்தது, அவன் ஒவ்வொரு அடிக்கும் தன் வலது காலை மண்ணில் குத்திக்கொண்டே இருந்தான். யாரோ மிதித்ததில் சுண்டுவிரல் வீங்கியிருந்தது, அது அவனுக்குப் பஸ்ஸில்தான் தெரிந்தது.

கடைசிப் பாட்டு முடிந்து மற்றவர்கள் கையசைத்துக்கொண்டிருக்கும்போது அந்த டிரம்ஸ் மலைக்குப் பின்னாலிருந்து ஒரு மனிதர் எழுந்து முன்னால் நடந்து வந்தார். தட்டையான மூக்கு, கலைந்த முடி, உடம்பெல்லாம் வியர்வை. குச்சிகளைக் கூட்டத்துக்குள் எறிந்தார். ஒன்று எங்களுக்கு நாலைந்து வரிசை முன்னால் விழுந்தது. என் நண்பன் நகரவே இல்லை, அவரையே பார்த்துக்கொண்டு நின்றான், அவர் உள்ளே போகிறவரைக்கும். பிறகு போய், அந்தக் குச்சியைப் பிடித்த பையனிடம், ஒரு நிமிஷம் கொடுப்பியா, திருப்பிக் கொடுத்துடறேன் என்று தமிழிலேயே கேட்டான். அந்தப் பையன் கன்னடக்காரன், புரிந்துகொண்டு கொடுத்தான். முனை சிதைந்து நாராக இருந்தது. இவன் அதை வலது கையில் பிடித்து, தன் இடது உள்ளங்கையில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் கடைசி நேரத்தில் ஒரு சென்னை பஸ் கிடைத்தது. கொழும்புக்காரரிடம் மைதானத்திலேயே விடைபெற்றிருந்தோம், முகவரி வாங்கிக்கொள்ளவேண்டும் என்று ரெண்டு பேருக்கும் தோன்றவில்லை, அது எனக்கு இன்னும் வருத்தம். காதில் ஒரே ரீங்காரம், பேசினால் கேட்கவில்லை, தொண்டையில் குரலும் இல்லை. கிருஷ்ணகிரிக்கு வந்தபோது ராத்திரி ரெண்டு மணி தாண்டியிருக்கும். டீக்கடையில் டிவிக்கு முன்னால் டிரைவர்கள், லாரிக்காரர்கள், பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் இழவு வீட்டில் நிற்பதுபோல் நின்றார்கள். இந்தியா 191க்கு ஆல் அவுட் ஆகி, வங்கதேசம் அதை எட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் டீ கிளாசோடு நிற்கும்போதே முஷ்பிகுர் ரஹீம் அடித்து முடித்துவிட்டார். ஒரு பெரியவர் எங்கள் மண் அப்பிய சட்டையையும், இவன் கழுத்தில் தொங்கிய ஷூவையும் பார்த்துவிட்டு, "மேட்ச் பாக்கலியா தம்பி?" என்றார். இவன், "இல்ல பெரியவரே, வேற எடத்துக்குப் போயிருந்தோம்" என்றான். அத்தனை பேர் துக்கத்தில் நிற்கும் இடத்தில் எங்கள் முகத்தில் இருந்ததை மறைக்க முடியாமல் ரெண்டு பேரும் பஸ்ஸுக்குப் போய் உட்கார்ந்துகொண்டோம். ஆம்பூரில் நெடுஞ்சாலையிலேயே அவன் இறங்கினான். இருட்டில் நொண்டிக்கொண்டே நடந்து போனது ஜன்னலில் தெரிந்தது.

அடுத்த வருஷம் பிப்ரவரியில், டிக்கின்சனே ஓட்டிவந்த போயிங் 757 விமானத்தில் மும்பைக்கு வந்து ஒரு உலகச் சுற்றையே அங்கே தொடங்கினார்கள், நாங்கள் ரெண்டு பேரும் போகவில்லை, காசு இல்லை. 2009 பிப்ரவரி 15 மறுபடி அதே பேலஸ் மைதானம், ராக் இன் இந்தியா விழா. எனக்கு லீவு கிடைக்கவில்லை, அவன் தனியாகப் போனான். இந்தத் தடவை நடுவில் நிற்கவில்லையாம், மேடைக்கு வலது ஓரமாகப் போய் நின்றானாம், அங்கிருந்து டாம்களுக்கு நடுவே ஒரு சந்து இருக்கும் என்று வீடியோக்களைப் பார்த்துக் கணக்குப் போட்டு வைத்திருந்தான். போன் செய்து, "தெரிஞ்சாரு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

டிசம்பரில் அன்றைக்குப் போனில் அதையெல்லாம் பேசினோம். பக்கவாதம் வந்தது வலது பக்கத்தில் என்பதுதான் அவனை ரொம்பப் படுத்தியிருக்கிறது. "அந்தக் காலுடா" என்றான், ரெண்டு தடவை சொன்னான். அந்தப் பழைய உருட்டுகளை அதே வேகத்தில் இனிமேல் போட முடியாது என்று தெரிந்தும், அதற்குப் பிறகு ஒன்றரை வருஷத்துக்குமேல் அவர் ஊர் ஊராக வாசித்ததை அவன் ஒவ்வொரு வீடியோவாகப் பார்த்திருக்கிறான். சில இடங்களில் எளிமையாக்கி வாசித்தாராம். எந்தப் பாட்டில், எந்த இடத்தில் என்று எனக்கு வரிசையாகச் சொன்னான், குறை சொல்கிற குரலில் இல்லை, வீட்டில் ஒருத்தருக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்வதுபோல்.

சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ அனுப்பினான். பதினோரு செகண்ட். மரப்பலகைமேல் ரெண்டு கரண்டி, தரையில் ஒரு குதிகால். 'வேர் ஈகிள்ஸ் டேர்' ஆரம்பம். முதல் தடவை நடுவில் தட்டுத் தடுமாறி நின்றது, "இரு" என்று அவன் குரல், மறுபடி ஆரம்பித்து முழுசாகப் போட்டுவிட்டான், குதிகால் சத்தம் ஒற்றையாகத் தெளிவாகக் கேட்டது. நான் கிடார் வரும் இடத்திலிருந்து வாயாலேயே பாடி, அதைப் பதிவு செய்து திருப்பி அனுப்பினேன்.